மண்தின்னியும் நீலப் பந்துப்பூவும்

சேர்வராயன் மலையில் மண்ணை விற்றுப் பிழைத்தவர் பலர் உண்டு. மண்ணை விற்க மறுத்தே புகழ்பெற்றவர் ஒருவர்தாம். ஏற்காட்டில் தோட்டம் போட எண்ணிய எவரும் அவரிடம் ஒருமுறையேனும் மறுப்புப் பெறாமல் தப்பியதில்லை. வாயிற்கதவை அகலத் திறந்துவைத்துக் காத்திருப்பவரிடம், "உங்க எடத்துக்கு இந்த மண்ணு ஒத்துக்காதுங்க" என்று கைகூப்பிவிட்டு, விலைகூடப் பேசாமல் திரும்பிப்போகும் வணிகரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது வாக்காளர் பட்டியலில் உறங்கிக்கொண்டிருக்கிறது. நேரில் 'மண்ணுக்காரரே' என்றும், அவர் தலை மறைந்ததும் 'மண்தின்னி' என்றும் ஊரார் அழைத்தனர். பின்னதை அவர் அறிவார். அதில் அவருக்குச் சினமில்லை. பிழை மட்டுமே தென்பட்டது.

"திங்கறதுன்னா முழுங்கோணுமுங்க. நான் துப்பிப்போடறேனில்லைங்களா? காப்பிக்கொட்டை வாங்க வர்றவங்க காப்பி போட்டு வாயில ஊத்திப் பார்த்துட்டுத் துப்பறாங்க. அவிங்களைக் காப்பிதின்னின்னா சொல்றீங்க?"

ஐம்பதை எட்டிய மெலிந்த உடம்பு. சட்டையில் நான்கு பைகள். நான்கிலும் மண் மடித்த காகிதப் பொட்டலங்கள். அச்சட்டை நெய்யப்பட்டபோது என்ன நிறமுடையதாக இருந்தது என்பது ஆய்வுக்குரியது. குட்டியானை என்று நம் பக்கத்தில் வழங்கும் சிறிய சரக்கு வண்டி ஒன்றை வைத்திருந்தார். பிறர் தம் வண்டியின் பின்புறத்தில் ஒலியெழுப்புமாறு வேண்டிக்கொள்ள, அவரோ 'மண்ணைக் கேட்டுவிட்டு நடவும்' என்று எழுதிவைத்திருந்தார்.

நான் அக்காலத்தில் நாகலூர்ச் சாலையில் ஒரு சரிவின்மேல் அமைந்த விருந்தினர் விடுதியின் மேலாளராக இருந்தேன். புல்வெளியின் ஓரத்தைச் சீர்செய்ய இரண்டு வண்டிச் செம்மண் வேண்டுமென்று கைப்பேசியில் கேட்டேன். மறுநாள் வண்டி வந்தது, வெறுமையாக வந்தது.

"மண் எங்கே?"

"பொண்ணைப் பார்க்காம தாலியக் கொண்டாருவாங்களாங்க? என்ன நடப்போறீங்க? புல்லுங்களா, ரோசாவுங்களா, தொட்டிச் செடியுங்களா?"

"எல்லாவற்றிலும் கொஞ்சம்" என்றேன்.

எல்லா நோயிலும் கொஞ்சம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்த நோயாளியை மருத்துவர் நோக்குவதுபோல் அவர் என்னை நோக்கினார். பிறகு ஓரத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, நீர் தெளித்துப் பிசைந்து, இரு உள்ளங்கைகளுக்கிடையே கயிறாகத் திரித்தார். அக்கயிற்றைத் தம் சுண்டுவிரலில் மோதிரமாகச் சுற்றினார். அது உடையவில்லை.

"மோதரம் நிக்குது பாத்தீங்களா? களி நொம்ப இருக்குதுங்க. இந்த ஓரத்துல ரோசா வெச்சா, வேரு மூச்சுமுட்டிச் செத்துப்போகும்."

அடுத்து, ஒரு முழ ஆழத்திற்குக் குழி தோண்டி, வாளி நீரை அதில் ஊற்றி, நீர் எவ்வளவு நேரத்தில் உள்வாங்குகிறது என்று பார்க்க அதன் தலைமாட்டில் அமர்ந்தார். கன்னத்தில் கைவைத்து, அசைவற்று, அரைமணி நேரம் அமர்ந்திருந்தார். புதிதாக மணமான இணையர் இருவர் படியிறங்கி வந்து, குழியையும் அவரையும் கண்டு, "யாருங்க தவறிட்டாங்க?" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டனர்.

இறுதியாக வேறொரு மூலைக்குச் சென்றார். அங்கே, அடுக்களைக்குப் பக்கத்தில், இருபது ஹைட்ரேஞ்சியாச் செடிகள் நின்றன. அந்த அயற்பெயர் எங்கள் தோட்டக்காரி செல்வியின் நாவில் நுழைய மறுத்ததால், அவள் அதைப் பந்துப்பூ என்றாள். நாங்களும் அவ்வாறே வழங்கினோம். ஒவ்வொரு பூவும் இரு கைக்கு ஒரு பந்தாக, மழைக்கு முந்திய வானத்தின் நீலமாக இருக்கும். மண்தின்னி அதன் அடிமண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாவில் வைத்துக் கண்களை மூடினார். நெற்றி சுருங்கியது, விரிந்தது. துப்பினார்.

"புளிப்புங்க. நல்ல புளிப்பு. பந்துப்பூவுக்கு இதைவிட ஒசந்த மண்ணு எங்கியும் கெடைக்காதுங்க. கும்புட்டு வெச்சுக்குங்க."

புறப்படுமுன் ஒரு கண்ணாடிப் புட்டியில் மண்ணும் நீரும் நிறைத்துக் குலுக்கி என் மேசைமேல் வைத்தார். மணல் அடியிலும் களி மேலுமாகப் படிய ஒரு நாள் ஆகுமாம்; அதுவரை மேசையை அசைக்கக் கூடாதாம். அன்று முழுதும் நான் மூச்சை அடக்கிக் கணக்கெழுதினேன். மாலையில் விருந்தினர் ஒருவர் ஆறிய காப்பி என்று எண்ணி அதைக் கையில் எடுத்துவிட்டார். ஆய்வு மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

இத்தகைய மனிதரை ஊர் எவ்வாறு பொறுத்துக்கொண்டது என்று கேட்கலாம். பொறுத்துக்கொண்டது என்பதைவிட அஞ்சியது என்பதே பொருத்தம். வெள்ளக்கடையில் வீடு கட்டிக் குடியேறிய ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி, ரோசா வளர்க்க மலைமண் போதாதென்று, சமவெளியிலிருந்த தம் சொந்த வயலின் கரிசலை மூட்டை மூட்டையாக மேலே ஏற்றிவந்தார். மண்தின்னி வேண்டாமென்று மும்முறை சொல்லிப் பார்த்தார். "எங்கப்பா உழுத மண்ணுய்யா" என்றார் அதிகாரி. மலையின் ஓயாத சாரலில் அக்கரிசல் நீரைக் குடித்துச் சேறாகி, ரோசாக்கள் ஒரே மாதத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டன. செய்தி கேட்டதும் மண்தின்னி வந்தார். வாயிலிலேயே செருப்பைக் கழற்றினார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பட்ட செடிகளின் எதிரே சற்றுநேரம் நின்றார்.

"எப்பங்க தவறுச்சு?"

"போன வெள்ளிக்கிழமை" என்றார் அதிகாரி, தம்மை அறியாமல்.

"நொம்ப அவஸ்தைப்பட்டுதுங்களா?"

அதிகாரி கண்கலங்கிவிட்டதாக அவருடைய மனைவியே பிறகு சொல்லக் கேட்டேன்.

மண்ணைப் பார்த்துச் சொல்வதில் மண்தின்னிக்கு இடம்பொருள் தெரியாது. கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர், வெள்ளக்கடையில் வேலை பார்த்துவிட்டு வருவதாக மனைவியிடம் சொல்லிக்கொண்டே கடைத்தெருவில் நின்றிருந்தார். பக்கத்தில் நின்ற மண்தின்னி அவருடைய செருப்பைக் குனிந்து பார்த்து, "வெள்ளக்கடை மண்ணு இத்தனை வெளுப்பா இருக்காதுங்களே. குப்பனூரு அடிவாரத்து மண்ணாட்டத் தெரியுதுங்க. கீழ எறங்கிப் போயிருந்தீங்களா?" என்று மிகுந்த அன்போடு கேட்டார். குப்பனூரில் சீட்டாட்டம் நடப்பது அம்மனைவி அறிந்த செய்தி. அதன்பின் ஊரில் ஆடவர் பலர் அவரைக் கண்டால் முதலில் தம் காலைப் பார்த்துக்கொண்டனர்.

இனி, நான் எழுதக் கூசும் பகுதிக்கு வருகிறேன்.

விடுதியின் உரிமையாளர் சேலத்தில் சாயப்பட்டறை நடத்துபவர். விடுதியில் புதிதாக ஒரு கட்டடம் எழுப்ப அவர் முடிவு செய்தார். அதற்காகப் பழைய அடுக்களை இடிக்கப்பட்டது. அது சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய தடித்த சுவர்களையுடையது. இடித்தபோது ஒரு சிறு குன்றே குவிந்தது. அதை வண்டிகளில் ஏற்றி மலையிறக்க வேண்டும். மழையோ நெருங்கிவிட்டது. வாயிலுக்கருகே பெரிய பள்ளம் ஒன்று இருந்தது. இடிபாடு முழுவதையும் அதில் தள்ளச் சொன்னேன். ஒரே முற்பகலில் வேலை முடிந்தது. என் அறிவுக்கூர்மையை நானே மெச்சிக்கொண்டேன். அதன்மேல் நல்ல மண் பரப்பி, பந்துப்பூச் செடிகளைப் பெயர்த்து அங்கே நட்டுவிட்டால் வருவோர் கண்ணில் முதலில் படும் என்பது என் திட்டம். செல்வி அவ்வாரம் மருத்துவமனையில் இருந்தாள். அவளுடைய கணவர் முருகேசன், மிளகு பறிக்க, அதன் கொடி படர்ந்த சவுக்கு மரத்தில் ஏறித் தவறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தார்.

மண்தின்னி முதல் வண்டி மண்ணோடு வந்தார். வலக்கன்னம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. தாடையிலிருந்து உச்சிக்குத் துண்டைச் சுற்றி முடிந்திருந்தார். முதல் நாள் சேலத்தில் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தனர். மூன்று நாள்களுக்கு வாயில் எதையும் வைக்கலாகாது என்பது மருத்துவர் ஆணை. 'எதையும்' என்னும் சொல்லை மருத்துவர் இருமுறை அழுத்திச் சொன்னாராம்.

பள்ளத்தின் மேல்மட்டத்தில் நான் ஏற்கெனவே மெல்லிதாக மண் தூவச் செய்திருந்தேன். அவர் காலால் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, துண்டுக்குள்ளிருந்து குழறினார்.

"ஏனுங்க, அடியில என்னங்க இருக்குது?"

"பழைய மண்தான்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். விரல்கள் தாமாகவே கீழே சென்று ஒரு சிட்டிகை எடுத்தன, வாய்வரை உயர்ந்தன, மருத்துவரை எண்ணித் தாழ்ந்தன. "நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று சொல்லி மண்ணைக் கொட்டினார். தம் தொழிலில் அவர் ஒரு மனிதனின் சொல்லை நம்பியது அந்த ஒருமுறைதான் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

மழை தொடங்கியதும் செல்வி செடிகளை நட்டாள். முருகேசனால் இனி மரமேற இயலாது என்றாகிவிட்டது. விடுதியின் பின்புறத்தில் அவர்கள் குடியிருந்த ஓரறை, அவளுடைய வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் அறையும் போகும். ஆகவே அவள் முன்பைவிட இருமடங்கு உழைத்தாள்.

அடுத்த கோடையில் பூக்கள் மலர்ந்தன. ஒன்றுகூட நீலமில்லை. எல்லாம் வெளிறிய இளஞ்சிவப்பு. இலைகளோ நரம்பு மட்டும் பச்சையாக, எஞ்சிய பகுதி மஞ்சளாக, மூத்த நோயாளியின் புறங்கைபோல் ஆகிவிட்டன. விடுதியின் விளம்பரப் படங்கள் யாவற்றிலும் நீலப்பூக்களே இருந்தன. அவற்றின் நடுவில் நின்று படமெடுக்கவென்றே நீலத்திற்கு எடுப்பாக மஞ்சள் பட்டுடுத்தி வந்த மணப்பெண் ஒருத்தி, வாயிலிலேயே நின்று, "இது வேற எடமுங்களா?" என்று கேட்டாள். அவளுடைய மாமனார் அதையே இன்னும் உரக்கக் கேட்டார்.

செய்தி கீழே எட்டி, உரிமையாளர் மேலே வந்தார்.

"செல்வி, இது என்ன கலரு?"

"அதே செடிதானுங்க மொதலாளி. ஏன் இப்பிடிப் பூத்துதுன்னு தெரியலீங்க."

"அதே செடின்னா அதே பூத்தானே பூக்கோணும்? நீலத்தை எவனுக்கோ குடுத்துப்போட்டு, மலிவா எதையோ வாங்கி நட்டு வெச்சிருக்கற. புருசன் ஒடம்புக்குச் செலவு இருக்கும், எனக்குத் தெரியாதா?"

"அய்யோ சாமி! என்ற கையால வளர்த்ததுங்க. அதை வித்துத் திம்பனா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "மேனேஜர், இந்த மாசக் கடைசிக்குள்ள ரூமைக் காலி பண்ணச் சொல்லுங்க."

செல்வி அழவில்லை. மஞ்சளான இலையொன்றைக் கிள்ளி எடுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் செடியை விற்பவள் அல்லள் என்பதை நான் அறிவேன். நிறம் ஏன் மாறியது என்பதை அறியேன். இடிபாட்டுக்கும் பூவுக்கும் உறவிருக்கும் என்று என் கல்வி எதுவும் எனக்குக் கற்பித்திருக்கவில்லை. ஆயினும் ஒரு சொல்லேனும் அவளுக்காகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

செல்விதான் மண்தின்னியை அழைத்தாள். மறுநாள் காலை, உரிமையாளர் இருக்கும்போதே, அவர் வந்து சேர்ந்தார். வாயிலில் செருப்பைக் கழற்றித் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். செடிகளைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இலையைத் தொட்டார். கையால் மண்ணைத் தோண்டி, முழங்கை புதையுமளவு ஆழத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயிலிட்டார்.

எப்போதும் நெடுநேரம் கண்மூடி நிற்கும் மனிதர் அன்று உடனே துப்பினார்.

"சுண்ணாம்புங்க."

கடப்பாரை கேட்டார். மூன்று குத்தில் காரைத்துண்டு ஒன்று மேலே வந்தது. அதன் ஒரு முகத்தில் அடுக்களைப் புகையின் கரி இன்னும் ஒட்டியிருந்தது. அடுத்தடுத்து வந்தவற்றை அவர் வரிசையாக, உடல்களைக் கிடத்துவதுபோல், புல்லில் கிடத்தினார்.

"இதை இங்க யாரு போட்டது?" என்றார் உரிமையாளர்.

மண்தின்னி என்னைப் பார்த்தார். அப்பார்வையில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் நான் எளிதாக எதிர்த்து நின்றிருப்பேன், அது இல்லை. அவர் உரிமையாளரை நோக்கித் திரும்பினார்.

"என்ற தப்புங்க. வாயில வெச்சுப் பார்க்காம மண்ணக் கொட்டிப்போட்டேன். அம்மிணி மேல தப்பில்லீங்க."

"நீதானா? ஊருக்கெல்லாம் ஞாயம் சொல்ற, நீ பண்ற வேலை இதுதானா? இந்த மலையில எவனும் இனி உன்னக் கூப்புடாம நான் பார்த்துக்கறேன்."

"செரிங்க" என்றார் அவர்.

கீழே வளைவில் நாகலூர்ப் பேருந்து ஒலியெழுப்பிக்கொண்டு திரும்பியது. ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, நடத்துநர் ஊதல் ஊதி, அது புறப்பட்டு மறுவளைவில் மறையும்வரை நான் வாய்மூடி நின்றேன். அவ்வளவு நேரம் நின்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு, "நான்தான் போடச் சொன்னேன்" என்றேன். "அவர் கேட்டார். பழைய மண் என்று பொய் சொன்னேன். செல்விக்கு எதுவும் தெரியாது. அவள் அப்போது மருத்துவமனையில் இருந்தாள்."

செல்வி என்னை ஏறிட்டுப் பார்த்தாள்; உடனே பார்வையை விலக்கிக்கொண்டாள். உரிமையாளர் காரைத்துண்டைக் காலால் புரட்டினார்.

"செரி, சுண்ணாம்புன்னே வெச்சுக்குவோம். அதுக்கும் கலருக்கும் என்ன சம்பந்தம்? மண்ணு மாறுனாப் பூவு மாறிப்போகுமா? எனக்குக் காது குத்தறீங்களா?"

இங்கேதான் மண்தின்னியின் முகத்தில் ஒளி வந்தது.

"ஏனுங்க, நீங்க சாயப்பட்டறைக்காரருங்க. ஒரே நூலு, ஒரே சாயம். கெணத்துத் தண்ணியில முக்குனா ஒரு நெறம், மழைத் தண்ணியில முக்குனா இன்னொரு நெறம். வருதுங்களா, இல்லீங்களா?"

நீரின் உப்பு ஏறிப்போய், சாயமிட்ட நூல் முழுதும் பாழான கதைகள் உரிமையாளருக்குப் பல தெரியும்.

"அது மாதரத்தானுங்க இதும். வேரு குடிக்கற தண்ணிதான் பூவுக்குச் சாயத்தண்ணி. புளிப்பு மண்ணுன்னா நீலம் ஏறும். சுண்ணாம்பு பட்டா நீலம் வராது, செவந்துதான் போகும். செடி அதேதானுங்க. மண்ணை மாத்துங்க, அடுத்த கோடைக்கு நீலம் வருதான்னு பாருங்க. வரலேன்னா என்ற வண்டிய நீங்களே வெச்சுக்குங்க."

"உன்ற ஓட்டை வண்டி எனக்கெதுக்கு?" என்றார் உரிமையாளர். ஆனால் குரல் இறங்கியிருந்தது. "அடுத்த கோடை வரைக்கும் செல்வி இருக்கட்டும். நீலம் வரலேன்னா அவ போகவேண்டியதுதான். மேனேஜர், நீலம் வந்தாலும் வரலேன்னாலும் அடுத்த கோடையோட நீங்க போறீங்க. போறதுக்குள்ள இந்தக் குழியைத் தோண்டிக் குடுத்துட்டுப் போங்க."

தோண்டினோம். செல்வி, மண்தின்னி, நான். முருகேசன் கோலூன்றி வந்து ஒரு முக்காலியில் அமர்ந்து, யார் வேலை செய்யவில்லை என்பதை அறிவித்துக்கொண்டிருந்தார். அநேகமாக அது நானாகவே இருந்தேன். "மேனேஜரய்யா மண்வெட்டிக்கு நோகாமப் புடிக்கறாருங்க" என்பார். என் உள்ளங்கைகளில் கொப்புளம் எழுந்து உடைந்தது.

இடிபாடு தீர்ந்ததும் மண்தின்னி குழியின் அடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வாயில போடுங்க."

"நானா?"

"பின்ன? அடியில என்ன இருக்குதுன்னு இனிமே நீங்களே சொல்லுங்க."

போட்டேன். அறுசுவைகளையும் பாட்டிலும் உரையிலும் படித்திருக்கிறேன். அவற்றுள் எதுவும் அங்கே இல்லை. முதலில் நாவைக் கவ்வியது. பிறகு வெற்றிலையில் சுண்ணாம்பு மிஞ்சியதுபோல் சுட்டது. துப்பினேன். "இன்னும் இருக்கிறது" என்றேன். இன்னும் ஒரு முழம் தோண்டினோம். மறுபடி நீட்டினார். நான்காம் முறை நாவு சுடவில்லை. புளியம்பிஞ்சின் நிழல்போல ஒரு கூச்சம் மட்டும் இருந்தது. சொன்னேன். அவரும் சுவைத்துப் பார்த்துத் தலையசைத்தார். நான் பெற்ற பட்டங்களுள் எதுவும் அத்தலையசைப்புக்கு ஈடாகாது.

அந்தச் சரிவிலேயே மேல்பக்கத்திலிருந்து செம்மண் வந்தது. காப்பித் தோட்டத்துச் சருகு மக்கும், மக்கிய காப்பிப்பழத் தோலும் அதில் கலந்தன. எந்தப் பங்கு எவ்வளவு என்பதை அவர் அளக்கவில்லை. கயிறு திரித்தார், மோதிரம் சுற்றினார், பாதியில் உடையும்வரை மக்கைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். குழிக்கு வெளியே நீர்வடிய ஒரு வாய்க்கால் வெட்டினார். செடிகளை மீண்டும் நட்டபோது செல்வி ஒவ்வொன்றின் வேரையும் வாளி நீரில் அலசி, ஒட்டியிருந்த வெண்துகளை விரலால் தடவித் தடவி எடுத்தாள்.

மழை வந்தது, மூடுபனி வந்தது. இலைகள் பச்சையாயின. ஆனால் பச்சை இலை எவருடைய வேலையையும் காப்பாற்றாது. எங்களுக்கு வேண்டியது நீலம். பனி விலகி மொட்டுகள் தோன்றியதிலிருந்து முருகேசன் நாள்தோறும் அவற்றை எண்ணினார். செல்வி எண்ணுவதை நிறுத்தச் சொன்னாள். முதற்கொத்து விரிந்தபோது வெண்மையாக விரிந்தது. இரண்டாம் நாள் அதன் விளிம்பில் மெல்லிய சிவப்பு ஓடியது.

செல்வி அறைக்குள் சென்று பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள்.

மண்தின்னி ஓடோடி வந்தார். "பிஞ்சுல அப்படித்தானுங்க இருக்கும்" என்று அவளிடம் சொன்னார். என்னிடம் தனியே வந்து, "இருக்குமுங்களா?" என்று கேட்டார். அவர் கண்களில் அச்சத்தை நான் அன்றுதான் கண்டேன். அன்று பொழுது சாய்வதற்குள் அந்தச் செடியின் அடியில் ஐந்துமுறை மண்ணைச் சுவைத்தார். ஐந்தாம் முறை துப்ப மறந்துவிட்டார். ஊரார் வைத்த பெயர் அன்று மெய்யாயிற்று.

நான்காம் நாள் காலையில் முருகேசன் கத்திய கத்தல் சாலைவரை கேட்டது. கோலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். சிவந்த விளிம்பு மறைந்து, கொத்தின் நடுவிலிருந்து நீலம் ஏறத் தொடங்கியிருந்தது. அந்த வாரத்துக்குள் இருபது செடிகளும் நீலமாயின.

உரிமையாளர் வந்து ஒரு பூவைப் பறித்தார். சாயமேறிய நூலைப் பார்ப்பதுபோல் அதை வெயிலுக்கு எதிரே பிடித்தார்; விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நெறம் நல்லாப் புடிச்சிருக்குது" என்றார். பிறகு, செல்வியை நேரே பாராமல், "உங்க ரூமு கூரை ஒழுகுதாமா? ஓடு மாத்தச் சொல்லியிருக்கேன்" என்றார். மன்னிப்பு என்னும் சொல் அவருடைய வீட்டில் ஓடு வடிவில் வழங்கியது போலும்.

செல்வி தலையசைத்தாள். கட்டிய சாக்கை அவிழ்த்து, முதலில் தேநீர்ப் பாத்திரத்தை எடுத்தாள். எங்கள் எல்லாருக்கும் அன்று அவள் கையால் தேநீர் கிடைத்தது, எனக்கும் கிடைத்தது.

அம்மாத இறுதியில் நான் வேலையை விட்டேன். வாடகைக்குப் பிடித்த சிறு வீட்டின் வாயிலில், செய்வதறியாது நாளிதழை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், குட்டியானை வந்து நின்றது.

"ஏனுங்க, சும்மாத்தானே உக்காந்திருக்கறீங்க? ஏறுங்க."

"நான் வந்து என்ன செய்ய?"

"அடியில என்ன இருக்குதுன்னு ஊடு ஊடாப் போய்க் கேக்கறேனில்லைங்க? பொய் சொல்றவிங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குப் புடிபடலீங்க. உங்களுக்குத் தெரியுமில்ல?"

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு தகுதியைக் கண்டறிந்து அதற்குரிய பணியை வழங்கும் மனிதரின் நேர்மையோடு சொன்னார். ஏறினேன். இந்த மூன்று ஆண்டுகளில் பதினோரு பொய்களைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

வண்டியில் என் பக்கத்துக் கதவு சரியாகச் சாத்துவதில்லை. அதைப் பழுதுபார்க்கச் சொல்லி நான் ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை; ஏனெனில் ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் அவர் ஒரு கையை நீட்டி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, என் தோளைப் பற்றிக்கொள்கிறார்.